ஒரு தாள் விதியும் வன்னிக் காடும்

யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குள் இறங்க ஆனையிறவைக் கடக்க வேண்டும். இருபுறமும் கடல்நீரேரி, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பு வயல்கள், நடுவே ஏ9 வீதி. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஒருகாலத்தில் இந்த ஆழமில்லாத நீரைக் கடக்க வைத்துத்தான் குடாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் வன்னியர்கள் செலுத்திய திறை பெரும்பாலும் யானைகளாகவே இருந்தது. 1803இல் அதே வழியால் யானைகளுக்குப் பதில் ஒரு படை வந்தது. ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் ஆட்கள் வடக்கே ஆனையிறவு வரை துணிந்து வந்தார்கள் என்று ஆங்கிலேய நிர்வாகி ஜே. பி. லூயிஸ், 1895இல் வெளிவந்த தனது வன்னி மாவட்டக் கையேட்டில் எழுதியிருக்கிறார்.

நான் போனது எதிர்த்திசையில், பஸ்ஸில். மடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பகடைகள், ஒரு அளவு நாடா, சிவப்புச் சட்டை தீட்டிய விரல் நுனி உயரச் சிப்பாய்ப் பொம்மைகள், நாலாக மடித்த ஒரு தாள். ஒரு சண்டையை மேசைமேல் நடத்திப் பார்ப்பதற்கான விதிகள் அந்தத் தாளில் இருந்தன. பொம்மைப் படைகளை வைத்து வரலாற்றுப் போர்களை மறுபடி ஆடிப் பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றியது. அங்கே வாட்டர்லூவையும் கெற்றிஸ்பேர்க்கையும் ஆடாத குழு இல்லை. எங்கள் மண்ணில் நடந்த ஒரு சண்டையை, அது நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அந்த நிலத்தை உழுது வாழ்கிறவர்களோடு சேர்ந்து ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எடுத்துக்கொண்டவை இரண்டு: 1803 ஓகஸ்ட் 25, முல்லைத்தீவு; 1803 ஒக்ரோபர் 31, கற்சிலைமடு.

கிளிநொச்சி கழிந்து முறிகண்டியில் பஸ் நின்றது. அங்கே பிள்ளையாரைக் கும்பிடாமல் போகிற வாகனம் குறைவு. தேங்காய் உடைகிற சத்தமும் கச்சான் வறுபடுகிற மணமும் ஒன்றாக வந்தன. ஒரு சரை கச்சானோடு திரும்பி வந்து உட்கார்ந்து, மடித்த தாளை விரித்து மறுபடி வாசித்தேன். விதி எளிமையானதுதான். அது எந்த நிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

இந்த ஆட்டத்தின் வரலாறே நிலத்தைப் பலகைக்குள் கொண்டுவந்த வரலாறு. சதுரங்கத்தில் நால்வகைப் படை உண்டு, நிலம் இல்லை. அறுபத்துநான்கு கட்டத்திலும் குதிரைக்கு ஒரே தரைதான். ஜெர்மனியின் பிரவுன்ஸ்வைக்கில் ஹெல்விக் என்ற ஆசிரியர் 1780இல் கட்டங்களுக்கு நிறம் கொடுத்தார். ஒரு நிறம் மலை, ஒரு நிறம் ஆறு, ஒரு நிறம் காடு. 1812இல் ரைஸ்விற்ஸ் என்ற பிரஷ்யர் மேடுபள்ளத்தோடு ஒரு மேசையைச் செய்து தன் அரசருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824இல் கட்டங்களை விட்டுவிட்டு உண்மையான தரைப்படத்தின் மேல் ஆடும் விதிகளை அச்சிட்டார். பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளை அதில் பழக்கியது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய சிறு நூல் இந்த ஆட்டத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்ரனின் நூல் அதைப் பரவலான பொழுதுபோக்காக்கியது. பின்னர் விதிநூல்கள் தடித்தன. ஒரு சண்டைக்கு ஒரு முழுநாள் போதாது என்ற நிலை வந்தது. அதற்கு மாற்றாக 2014இல் நீல் தோமஸ் என்பவர் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற ஆட்டங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். மூன்றடிச் சதுரப் பலகை, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு அணி, பதினைந்து சேதப் புள்ளி சேர்ந்தால் அந்த அணி அகற்றப்படும். பதினைந்து சுற்றில் ஆட்டம் முடிவு.

என் தாள் அந்த முறையைத் தழுவி நான் சுருக்கி எழுதியது. ஒரு அணி ஒரு சுற்றில் நகரலாம் அல்லது சுடலாம், இரண்டும் கூடாது. காலாட்படைக்கு ஆறு அங்குல நடை. துவக்கு பன்னிரண்டு அங்குலம் எட்டும். பகடையில் விழுகிற எண்ணே சேதம். மறைப்பில் நிற்கிற அணிக்குச் சேதம் பாதி. காட்டுக்குள் இலகு படை மட்டும் நுழையலாம். வரிசையாக நின்று சுடுகிற படை காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்கிற விதிகள் இவை.

மாங்குளத்தில் இறங்கி கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஏ9 வீதியின் வெளிச்சம் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. பாலை, வீரை, முதிரை, இடையிடையே கருங்காலி. காடு வீதியின் இரு ஓரத்திலும் தோள்கொடுத்து நிற்கிறது. திடீரென்று அது விலகும். ஒரு குளம், அதன் அணைக்கட்டு, கீழே வயல், நாலு வீடு, ஒரு கோயில். பிறகு மறுபடியும் காடு. வன்னியின் ஊர்கள் எல்லாம் இப்படித்தான் குளத்தைச் சுற்றி உண்டானவை. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் வரும்வரைக்கும் யன்னலோரம் எண்ணிக்கொண்டு வந்தது ஒன்றுதான்: என் தாளில் வெட்டவெளி வழக்கம், காடு விதிவிலக்கு. இங்கே காடு வழக்கம், வெட்டவெளி விதிவிலக்கு.

இந்த நிலத்தில் ஒல்லாந்தர் காலத்தில் பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று வன்னிமைகள் எனப்பட்ட ஆட்சிப் பிரிவுகள் இருந்தன. திறையைக் கட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தங்கள் விருப்பப்படி நடத்தியவர்கள் வன்னியர்கள். 1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து அவர்களை ஒடுக்கினார்கள். 1795இல் ஒல்லாந்தரின் கோட்டைகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது முல்லைத்தீவும் மாறியது. 1802இல் கரையோர இலங்கை முடிக்குரிய குடியேற்றநாடானது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த். அடுத்த ஆண்டு அவர் கண்டியின் மீது தொடுத்த போர் பெருந்தோல்வியில் முடிந்தது. 1803 ஜூன் 24இல் கண்டியில் மேஜர் டேவியின் பட்டாளம் சரணடைந்தது. அதில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் துணையோடு பண்டாரவன்னியன் வன்னியில் எழுந்தது இந்த வேளையில்தான். ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை அவன் வசமானது. பட்டாளம் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. ஒக்ரோபரில் ஆங்கிலேயர் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மூன்று படைப்பிரிவுகளை அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து வந்த கப்டன் வொன் டிறிபேர்க் 31ஆம் திகதி விடியப்புறம் கற்சிலைமடுவில் வன்னியன் படையை எதிர்பாராத வேளையில் தாக்கி முறியடித்தார்.

பாடப்புத்தகம் இவ்வளவையும் இரண்டு திகதிகளாகச் சொல்லிவிட்டுப் போகும். முதல் திகதியில் கோட்டையையே பிடித்த படை அறுபத்தேழு நாளில் எப்படி முறிந்தது? இந்தக் கேள்வியோடுதான் நான் முள்ளியவளைக்கு வந்தேன்.

மாமா வீட்டு விறாந்தையில் பழைய கதவொன்றை இரண்டு கதிரைமேல் போட்டுப் பலகை ஆக்கினோம். மாமா வாழ்நாள் முழுக்க வயல் செய்தவர். காலபோகம், சிறுபோகம், பட்டி மாடு, தேன் எடுக்கப் போன காட்டு வழி எல்லாம் அவருக்கு அத்துப்படி. மச்சாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். அவளுடைய மாணவர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள்.

சிவப்புச் சட்டைக்காரர்கள் என் பெட்டிக்குள் இருந்தார்கள். நெப்போலியன் காலப் பிரித்தானியச் சிப்பாய் பொம்மைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறான். வன்னி வீரன் எந்தக் கடையிலும் இல்லை. பிள்ளைகள் குளத்து அலைகரையிலிருந்து களிமண் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுமி மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டி உடம்பாக்கினாள். நகத்தால் கீறி இடுப்புத்துணி காட்டினாள். ஈர்க்கை அரை அங்குலமாக முறித்துக் கையில் செருகி ஈட்டி ஆக்கினாள். சிலருக்குத் துவக்கும் வேண்டும் என்று மச்சாள் சொல்ல, கறுப்பாக்கிய ஈர்க்குத் துண்டைத் தோளில் சாய்த்து ஒட்டினாள். நிழலில் காயவைத்து, ஆறு ஆறு பேராகத் தீப்பெட்டி மட்டைமேல் நிறுத்தினாள். மாலைக்குள் பண்டாரவன்னியனுக்குப் படை கிடைத்தது. உலகத்தில் வேறெந்த மேசையிலும் இல்லாத படை.

முதலில் ஓகஸ்ட் 25. பலகையின் கிழக்கு ஓரம் கடல். கரையில் கோட்டை. மேற்கே நந்திக்கடலுக்கு ஒரு நீலச் சீலைத் துண்டு. தாளில் எழுதியபடியே ஆடினோம். களிமண் வீரர்கள் வெளியைக் கடந்து கோட்டையை நெருங்குவதற்கு மூன்று சுற்று ஆனது. மூன்று சுற்றும் சுவருக்குப் பின்னால் நின்ற சிவப்புச் சட்டைக்காரர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரின் மறைப்பில் அவர்களுக்குச் சேதம் பாதி. கோட்டை விழவில்லை. பக்கம் மாற்றி ஆடினோம், அப்போதும் விழவில்லை. விதி சொல்வது உண்மை என்றால் ஓகஸ்ட் 25இல் நடந்தது நடந்திருக்கவே முடியாது.

மாமா அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீலச் சீலையைப் பிடித்து ஒரு முழம் அளவுக்கு இழுத்துச் சுருக்கிவிட்டார்.

"ஆவணியில நந்திக்கடல் இவ்வளவு அகலத்துக்கு நிக்குமே, தம்பி? வத்திப்போய்க் கிடக்கும். தண்ணி கிடந்த இடமெல்லாம் நடக்கலாம். எந்தப் பக்கத்தாலயும் வரலாம்."

கோட்டைக்கு ஒரு முகப்பு என்று நான் வைத்திருந்தது போய், மூன்று முகப்பு ஆயிற்று. வறட்சியில் வற்றிய நீரேரியும் காய்ந்த குளங்களும் படைக்கு வீதி. இதைத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்தோம்: ஓகஸ்ட் ஆட்டத்தில் நீர்நிலையின் ஓரம் தரையாகக் கணக்கு.

இன்னொரு வரியை மச்சாள் சேர்த்தாள். "கோட்டைக்குள்ள நிக்கிறவனுக்குக் கண்டியில நடந்தது தெரியுந்தானே, மச்சான்? இரண்டு மாசம்தான் ஆகுது. சரணடைஞ்ச ஆக்களையே வெட்டினவங்கள் எண்டு கேள்விப்பட்டவன், கடல் பக்கத்தில வள்ளம் நிக்கேக்க கடைசி ஆள் வரைக்கும் நிண்டு சுடுவானே?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சுற்றின் முடிவில் கோட்டை மூன்று பக்கமும் வளைக்கப்பட்டிருந்தால் பட்டாளம் பகடை போட வேண்டும். மூன்றுக்குக் கீழே விழுந்தால் வள்ளம் ஏற வேண்டும். அடுத்த ஆட்டத்தில் கோட்டை ஆறாவது சுற்றில் காலியானது. அதிகம் பேர் சாகவில்லை. சுவரை உடைத்தது ஈட்டியல்ல. ஜூன் மாதச் செய்தி.

மறுநாள் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனேன். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நந்திக்கடல் ஓரமாக நடந்தபோது மாமா காட்டிய அகலம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. நீர் பின்வாங்கிய இடத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் மாடுகளின் குளம்படி. கடற்கரையில் கரைவலைக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய கோட்டையைச் சொல்ல இன்று நிமிர்ந்து நிற்கிற மதில் ஏதும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இடம் தன்னைத் தானே விளக்கியது. பின்னால் திறந்த கடல், முன்னால் வற்றிய நீரேரி, அதற்கப்பால் காடு. கடலுக்கு முதுகைக் கொடுத்துக் கட்டிய சின்னக் கோட்டைக்கு உதவியும் ஓட்டமும் ஒரே வாசலால்தான்.

கற்சிலைமடு ஒட்டுசுட்டானுக்கு அருகில். டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்று ஆங்கிலத்தில் பொறித்து ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அங்கே ஒரு கல் நட்டார்கள். வென்றவனின் பெருமைக்கு வைத்த கல் அது. பின்னாளில் தோற்றவனின் பெயரைத் தேடித்தான் மக்கள் அங்கே வந்தார்கள். வவுனியா நகரில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஓகஸ்ட் 25 அவனுடைய நினைவுநாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த இடத்தில் நின்று மூன்று திசையையும் பார்த்தேன். மேற்கே மன்னார், வடமேற்கே யாழ்ப்பாணம், தென்கிழக்கே திருகோணமலை. தரைப்படத்தில் அளந்தால் மூன்றுமே இங்கிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். காகம் பறக்கிற கணக்கில் 80, 90 கிலோமீட்டர். ஆங்கிலேயர் மூன்று முனையையும் ஒரே நாளில் இங்கே கூட்ட நினைத்திருந்தால் அது தரைப்படத்தில் சரியான கணக்கு. காட்டுக்குள் அது வேறு கணக்கு.

அன்று பின்னேரம் ஒக்ரோபர் ஆட்டம். பலகை முழுவதும் காடு. நடுவில் ஒரு குளம், வயல்துண்டு, வண்டிப்பாதை ஒன்று. பழைய விதிப்படி சிவப்புச் சட்டைக்காரரை வைத்தபோதே மாமா தடுத்தார்.

"உந்தத் தாளில காட்டுக்கு என்ன போட்டிருக்கு?"

"வரிசைப் படை உள்ள போகேலாது, மாமா. சுத்தித்தான் போக வேணும்."

"சுத்திப் போறதெண்டா எங்கால? இஞ்ச காட்டைச் சுத்திப் போனா கடலுக்கதான் இறங்க வேணும்."

அந்த விதியை அடித்துவிட்டு நாலு புது விதி எழுதினோம். ஒன்று: எந்த அணியும் காட்டுக்குள் போகலாம், வரிசைப் படைக்கு நடை பாதி, சூட்டின் சேதமும் பாதி. தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுடுவதில்தான் அந்தக் காலத் துவக்கின் பலம். அதன் குழல் உள்ளே வழுவழுப்பானது. குண்டு நூறு யார் தாண்டினால் எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. மரங்களுக்கு நடுவில் வரிசை கலைந்தால் அந்தப் பலமும் கலைந்துவிடும். இரண்டு: வன்னியன் அணிகள் எதிரிக்கு ஆறு அங்குலம் கிட்ட வரும்வரை பலகையில் வைக்கப்படமாட்டா, எங்கே நிற்கின்றன என்று ஒரு துண்டில் எழுதி வைத்தால் போதும். மூன்று: மழை. ஐப்பசி நடுவில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் காலம். "மருந்து நனைஞ்சா துவக்கு வெடிக்குமே?" என்று கேட்டார் மாமா. சுற்றுத் தொடக்கத்தில் பகடை போட்டு மழையா இல்லையா என்று பார்க்க வேண்டும். மழை என்றால் இரு பக்கத்துத் துவக்கும் அந்தச் சுற்றில் வாய் திறக்காது.

இந்த மூன்று விதியோடு ஆடியபோது சிவப்புச் சட்டைக்காரர் வண்டிப்பாதையைக்கூடத் தாண்டவில்லை. களிமண் வீரர்கள் ஒவ்வொரு வளைவிலும் எழுந்தார்கள், அடித்தார்கள், மறைந்தார்கள். பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். ஆனால் ஒக்ரோபர் 31இல் நடந்தது இதற்கு எதிர்மாறு. காடும் மழையும் வன்னியன் பக்கம் என்றால் அவன் எப்படித் தோற்றான்?

நாலாவது விதி இங்கேதான் பிறந்தது. மாமா வண்டிப்பாதையின் மேற்கு முனையில் விரலை வைத்தார். "மன்னாரில இருந்து வந்த வெள்ளைக்காரனுக்கு வழி ஆர் காட்டினது? வழி தெரிஞ்ச ஆள் இல்லாம இந்தக் காட்டுக்க நடந்து விடியப்புறம் சரியா வந்து விழேலாது. நான் பிறந்து வளர்ந்த காடு. எனக்கே அமாவாசை இருட்டில திசை மாறும்."

ஆகவே: வழிகாட்டி இல்லாத படை காட்டுக்குள் நகர முடியாது. மூன்று படைப்பிரிவுக்கும் தனித்தனியே பகடை. ஐந்து அல்லது ஆறு விழுந்தவருக்கு வழிகாட்டி கிடைப்பான். வழிகாட்டியோடு இரவில் நகர்கிற படை தன்னைத் துண்டில் எழுதி மறைத்துக்கொள்ளலாம். மறைவு இனி வன்னியனுக்கு மட்டும் உரியதல்ல. வன்னியன் பக்கம் எந்தப் பாதையில் காவல் வைப்பது என்று முன்கூட்டியே எழுத வேண்டும்; வைக்கிற ஒவ்வொரு காவலுக்கும் பாசறையில் ஒரு அணி குறையும். மூன்று திசையிலிருந்தும் எதிரி வருகிறான். மூன்றையும் காத்தால் நடுவில் ஆள் இல்லை.

வன்னியன் பக்கத்தை ஆடிய பையன் யாழ்ப்பாணப் பாதைக்கும் திருகோணமலைப் பாதைக்கும் காவல் வைத்தான். மன்னார் தூரம், இடையில் காடு, அங்கிருந்து வரமாட்டார்கள் என்று நினைத்தான். மச்சாள் மன்னார்ப் படையோடு வந்தாள். பகடையில் ஆறு விழுந்தது. விடியல் சுற்றில் துண்டை விரித்தாள். அவளுடைய அணிகள் பாசறைக்கு நாலு அங்குலத்தில் நின்றன. மழைப் பகடை மழை இல்லை என்றது. காட்டு விளிம்பில், வயல்வெளியை நோக்கி அவளுடைய வரிசை நிமிர்ந்தது. வன்னியின் அந்தச் சிறிய வெட்டவெளியில் மட்டும் பழைய தாளின் விதி முழுப் பலத்தோடு செல்லும். மூன்று சுற்றில் பாசறை கலைந்தது.

பையனின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் அவன் கேட்ட கேள்வி என் கேள்விக்கு விடையாக இருந்தது: "சண்டை துடங்க முதலே தோத்திட்டம் என, ரீச்சர்?" ஆம். ஓகஸ்டில் சுவரைக் காலிசெய்தது செய்தி. ஒக்ரோபரில் பாசறையைக் கலைத்ததும் செய்திதான். இம்முறை அது எதிர்ப்பக்கத்துக்குக் கிடைத்த செய்தி. வீரம் குறைந்ததால் தோற்றான் என்றோ, துவக்கு உயர்ந்தது என்பதால் வென்றார்கள் என்றோ சொல்வது எளிது. மேசை வேறொன்றைக் காட்டியது. காடு காப்பதற்கு உதவும்; ஆனால் காட்டை அறிந்த ஒருவன் எதிரிக்கு முன்னால் நடந்தால் அதே காடு எதிரியை மறைக்கும். எந்த மாதம், நீர் எங்கே நிற்கிறது, வழி யாருக்குத் தெரியும் என்கிற மூன்றும் 1803இன் வன்னிப் போரை முடிவுசெய்தன என்று நான் நம்புகிறேன். என் தாளில் முதலில் இந்த மூன்றுக்கும் ஒரு வரிகூட இருக்கவில்லை.

பெட்டியை மூடும்போது பெரிய பையன் ஒருவன் தயங்கிக் கேட்டான். "அண்ணை, 2009ஐயும் இப்பிடி ஆடலாமே?"

விறாந்தையில் யாரும் பேசவில்லை. அந்த வீட்டிலும் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. நான் ஆடக்கூடாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். இந்த ஆட்டம் ஆடுகிறவனைத் தளபதியின் இடத்தில் உட்காரவைக்கிறது. மேலிருந்து பார்த்து, அணிகளை நகர்த்தி, சேதத்தை எண்ணுகிற இடம் அது. இறுதிப் போரில், 2009 மே வரை முள்ளிவாய்க்காலில் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே ஒரு மணல் துண்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள் தளபதிகள் அல்லர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய தாய்மார், உப்பில்லாக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். அவர்களுக்கு நகர இடமும் இல்லை, சுற்றும் இல்லை. அவர்களைப் பலகையில் வைத்தால் சேதப் புள்ளியாக மட்டுமே வைக்கலாம். அப்படி வைக்க எவருக்கும் உரிமை இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் சாட்சியத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் பகடையை உருட்டக்கூடாது. காணாமல் போனவர்களைத் தேடி இன்றும் தாய்மார் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ9 வீதியில் முகமாலைப் பக்கம் மிதிவெடி அபாயத்தைச் சொல்லும் சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். முடிந்துபோன போர் வேறு, முடிவடையாத துயரம் வேறு.

மச்சாள் அதை ஏற்றுக்கொண்டாள். 1803க்கும் அதே கண்டிப்பு ஒன்று வேண்டும் என்று அவள் சொன்னதால் கடைசி விதியும் சேர்ந்தது. பலகையில் ஊர்கள் இருக்கின்றன. வயலில் நெல் இருக்கிறது. எந்தப் பக்கம் ஊரை எரித்தாலும் அந்தப் பக்கம் வெல்ல முடியாது. ஆட்டம் தொடரும், வெற்றி மட்டும் கிடையாது. இதைப் பிள்ளைகள் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள். இந்த விதி அவர்களுக்கு விளக்கம் வேண்டாமலே விளங்கியது.

இப்போது அந்தத் தாள் மச்சாளிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் நான் கொண்டுபோன விதிகள், பாதி அடிக்கப்பட்டு. பின்பக்கத்தில் முள்ளியவளையில் எழுதியவை. அடுத்த தவணையில் வகுப்பில் ஆடப்போகிறாள். திருகோணமலையிலிருந்து வந்த படைப்பிரிவுக்கு ஆறுகள் எத்தனை குறுக்கே விழும் என்று மாமா கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் 1782இன் ஒல்லாந்தர் படையெடுப்பையும் கேட்கிறார்கள். வன்னியில் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர்கள் எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு பழைய கதவு, கொஞ்சம் குளத்து மண், இரண்டு பகடை போதும். உங்கள் ஊரின் குளத்தையும் காட்டையும் பருவத்தையும் அறிந்த ஒரு விவசாயியை அருகில் உட்காரவையுங்கள். ஓகஸ்ட் 25 என்று எழுதி மனனம் செய்த பிள்ளை, அந்த நாளில் நந்திக்கடல் எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்குத் தன் மண்ணின் வரலாறு பிறகு எவரும் சொல்லிக்கொடுக்காமலே திறந்துகொள்ளும்.